இருபது முழக் கோயில்

கொள்ளைநோய் வந்து போன மறுவருஷம், போஸ்னியா மலைகளுக்கு நடுவே ரூதோவா என்ற பள்ளத்தாக்கில், கத்தோலிக்கர்களின் கோயில் வளர ஆரம்பித்தது. யாரும் கல் சுமக்கவில்லை, யாரும் சுண்ணாம்பு குழைக்கவில்லை. கொட்டிலில் கட்டிய கன்று வளர்வதுபோல, பார்க்கும்போது நின்றும் பார்க்காதபோது நகர்ந்தும், அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. முதலில் அதைக் கண்டுகொண்டவர் அங்கே பூசை வைக்கும் பிரான்சிஸ்கன் துறவி ஷிமுன். பீடத்திலிருந்து நடந்தால் பதினாறாவது அடியில் அவர் கை கதவின் தாழ்ப்பாளைத் தொடும். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடவில்லை; ஒரு சாண் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அவர் அடிகளை எண்ணி நடப்பவர். ஏழு வருஷத்துக்கு முன், வேறொரு பள்ளத்தாக்கில், அனுமதி வாங்காமல் கோயில் சுவரில் ஒரு ஜன்னல் திறந்ததற்காக அவருடைய உள்ளங்கால்களில் பிரம்படி விழுந்தது. நகரத்துச் சிறையில் இருபது நாள் தவழ்ந்துதான் தண்ணீர்ப் பானைக்குப் போனார். அன்றிலிருந்து பாதத்தின் ஓரங்களை ஊன்றி, சூடான மணலில் நடப்பவர்போலத்தான் நடப்பார். மற்றபடி பார்வைக்கு அவர் ஒரு விவசாயிதான். பெரிய மீசை, ஆட்டுத்தோல் மேலங்கி, இடுப்பில் கத்தி. சுல்தானின் ஆட்சியில் அங்கியும் கயிறுமாகத் திரிந்தால் வழியில் எவனாவது வம்புக்கு இழுப்பான் என்பதால் அந்த நாட்டுத் துறவிகள் அப்படித்தான் உடுத்தினார்கள். சாமி என்று கூப்பிட்டால் சந்தையில் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று ஜனங்கள் அவர்களை மாமா என்று கூப்பிட்டார்கள். அம்மாவின் தம்பியைக் கூப்பிடுகிற அதே மாமா.

முதல் வருஷம் ரூதோவாக்காரர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் கோயில் ஒரு சாண் நீளுகிறது என்பதை மூன்றாவது மாதமே கண்டுபிடித்துவிட்டார்கள். நோயில் பாதிப்பேரைப் பறிகொடுத்த ஊர் என்பதால் வீட்டுக்கு வீடு பெண்கள் கர்ப்பமாக இருந்தார்கள். சுவரின் புதுப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்லி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் இடுப்புவலி போகிறது என்றார்கள். பின்பக்கம் நின்ற பேரிமரத்தின் ஒரு கிளை சுவருக்குள் மாட்டிக்கொண்டு பீடத்தின் மேலே காய்த்தது. பூசை நடுவே பழம் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாத்தே என்பவனின் வெங்காயப் பாத்தியைக் கோயில் தின்றது. முதல் வாரம் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவன் இரண்டாம் வாரம் வேறு பாத்தி கேட்டு வந்தான்.

சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய கோயில் நிற்கலாம், ஒழுகினால் அனுமதி வாங்கிக் கூரை வேயலாம். ஆனால் பத்திரத்தில் உள்ள அளவுக்கு மேல் ஒரு சாண் கூடினாலும் அது புதுக் கோயில், புதுக் கோயில் என்றால் இடிக்க வேண்டும், அதைக் கட்டிய துறவியைத் தூக்கில் போட வேண்டும். ரூதோவா கோயிலின் பத்திரம் நகரத்து நீதிபதியான காஜியிடம் இருந்தது. நீளம் இருபது முழம் என்று அதில் எழுதியிருந்தது. காஜி கெட்டவர் அல்ல. ஒருமுறை குதிரைப்படைக்காரர்கள் ஊரைச் சூறையாட வந்தபோது அவர்தான் ஆள் அனுப்பித் தடுத்தார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்வார், அவ்வளவுதான்.

இரண்டாம் வருஷம் வசந்தத்தில் அவருடைய கடிதம் வந்தது. மாவட்டத்திலுள்ள எல்லாக் கோயில்களையும் அளக்க ஆள் வருவார், ரூதோவாவுக்குச் செப்டம்பர் கடைசியில், மிக்கேல் சம்மனசு திருநாளன்று காலையில் வருவார் என்றது கடிதம். ஊர்த்தலைவன் ஸ்தியெபான் ஆட்டுரோமக் கயிற்றில் இருபது முழம் அளந்து முடிச்சுப் போட்டு, கோயிலுக்குள் இழுத்துப் பிடித்துப் பார்த்தான். ஏழு சாண் கூடுதலாக இருந்தது.

ஸ்தியெபான் அதிகம் பேசாதவன். நோய்க்காலத்தில் தன் இரண்டு அண்ணன்களையும் தானே குழிவெட்டிப் புதைத்துவிட்டு மறுநாள் வைக்கோல் அறுக்கப் போனவன். அவன் முதலில் ஞானஸ்நானத்தை நிறுத்தினான். ஷிமுன் ஒரு குழந்தைக்கு மட்டும், அது பிழைக்காது என்று தோன்றியதால், பால் கறக்கும் கொட்டிலில் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றினார். அதைக் கோயில் சுவர் அன்று சாயங்காலமே ஒரு சாண் நீண்டு ஊருக்குச் சொல்லிவிட்டது. அதன்பிறகு குழந்தை உள்ள வீடுகளில் அவரை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்கள். ஜூன் மாதம் ஒரு குழந்தை ஞானஸ்நானம் இல்லாமலே செத்தது. ஸ்தியெபான் கயிற்றோடு வந்து அளந்தான். கோயில் நீளவுமில்லை, குறையவுமில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

அதே வாரம் ஓர் இடையன் மலைச்சரிவில் விழுந்து, யாரும் பார்ப்பதற்குள், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இல்லாமல், சாகும்போது பூசுகிற அவஸ்தை எண்ணெய் படாமல் செத்துக்கிடந்தான். மறுநாள் காலையில் கோயில் ஒரு சாண் குறைந்திருந்தது. ஸ்தியெபான் இரண்டுமுறை அளந்தான். பிறகு பிளம் தோப்பில் குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்த ஷிமுனைத் தேடிப் போனான்.

"மாமா, உங்களை ஒன்னும் செய்யச் சொல்லல" என்றான். "போகாம இருங்க. அது போதும்."

"சாகிறவன் கூப்பிட்டா போகாம இருக்கிறதுக்கா என்னை இங்க அனுப்பியிருக்காங்க?"

"கோயிலை இடிப்பாங்க. உங்களைத் தூக்குல போடுவாங்க. வேற மாமா வர இருபது வருஷம் ஆகும், வராமலும் போகும். அதுவரைக்கும் இந்த அறுபது வீட்டுல எவன் செத்தாலும் நேரா நரகம், பச்சைப்பிள்ளை உட்பட. நான் ஏழெட்டுப் பேரோட முடியட்டும்னு சொல்றேன்."

"யார் அந்த ஏழெட்டுப் பேருன்னு நீ சொல்லுவியா?"

"நான் ஏன் சொல்றேன். யாருக்கு வருதோ அவங்க. நீங்க அந்த நேரத்துக்கு ஊர்ல இல்லாம இருந்தாப் போதும்."

ஷிமுன் முடியாது என்றார். சொல்லும்போது குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். அவர் பார்த்ததை ஸ்தியெபானும் பார்த்தான்.

முதலில் தானாகவே முன்வந்தது கரிமூட்டம் போடும் கிழவன் ஆந்துன். தன்னுடைய பெரிய பாவம் இளவயதில் செய்தது, அதை எப்போதோ மன்னித்தாயிற்று, அதற்குப்பின் செய்தது சில்லறைதான், அதோடு போய்ச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சந்தைவெளியில் எல்லோர் முன்னும் சொன்னான். ஊர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதது. ஆனால் கடைசி நாளில், மூச்சு மேலே ஏறிய பிறகு, மாமாவைக் கூப்பிடுங்கள் என்று சின்னக் குரலில் கேட்டான். பிறகு கொஞ்சம் பெரிய குரலில் கேட்டான். மகன்கள் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

அதற்குப்பின் ஊர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது, புதுவிதமாக உழக் கற்றுக்கொள்வதுபோல. ஒரு வீட்டில் ஆள் படுத்தால், மேல்மலைக் குடியிருப்பில் யாருக்கோ உயிர் போகிறது என்று ஷிமுனிடம் ஆள் வரும். அவர் அரைநாள் குதிரையில் ஏறிப் போய்த் திரும்புவதற்குள் இங்கே கண்ணை மூடியிருப்பார்கள். சாவு கொடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கோயிலில் முன்வரிசை கொடுத்தார்கள். தினமும் விடியற்காலையில் ஊரே வரிசையில் நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று பாவசங்கீர்த்தனம் செய்ய ஆரம்பித்தபோது, ஸ்தியெபான் அதையும் கிறிஸ்துமஸ்வரை நிறுத்தினான். பிறகு யாருமே நோயில் படுக்கவில்லை. காய்ச்சலோடு நேராக உட்கார்ந்து பூசை கண்டார்கள், இருமலை ரொட்டியால் அடைத்தார்கள், படுத்தால் ஊர் எண்ணிவிடும் என்று பயந்து அறுவடைக்குப் போனார்கள். இரண்டு பேர் கையில் அரிவாளோடு வயலிலேயே செத்தார்கள். அன்று சாயங்காலம் கயிற்றைப் பிடிக்க நிறையப் பேர் வந்தார்கள்.

மூன்றாம்முறை மேல்மலைக்குப் போனபோது ஷிமுனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சாகக்கிடப்பதாகச் சொன்ன பெண் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். குதிரையைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் போர்வைக்குள் படுத்தாள். அவர் அவளுடைய மாவு ஒட்டிய கைகளில் எண்ணெய் தடவினார், ஜெபம் சொன்னார், அவர்கள் வைத்த பாலாடையைச் சாப்பிட்டார். அப்போதே விரட்டியிருந்தால் பொழுது சாயுமுன் ஊருக்கு வந்திருக்கலாம். குதிரையை நடக்கவிட்டே வந்தார். வழியில் ஓர் ஓடையில் இறங்கிக் கால்களை வெகுநேரம் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது கல்லறையில் மண் குவித்துவிட்டிருந்தார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு முந்தின நாள் கோயில் ஒரு சாண் மட்டும் கூடுதலாக இருந்தது.

அன்று காலையில் மாண்டா பிரசவித்தாள். பீப்பாய் செய்கிற யூரேயின் மனைவி, இருபத்துமூன்று வயது, சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். கோயிலுக்கு எதிரே, பேரித்தோப்புக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. பெண்குழந்தை நன்றாகப் பிறந்தது, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி மத்தியானத்தில் வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் தாண்டாது என்றாள். சொன்னது யூரேயிடம் அல்ல, ஸ்தியெபானிடம்.

இம்முறை மேல்மலையிலிருந்து ஆள் வரவில்லை. அதற்கு நேரம் இல்லை. பீடத்துணி மடித்துக்கொண்டிருந்த ஷிமுனை உள்ளே வைத்து, ஸ்தியெபானும் நாலைந்து பேரும் கோயில் கதவை வெளியே ஏர்க்காலால் முட்டுக்கொடுத்து மூடினார்கள்.

"ஸ்தியெபான், திற" என்றார் ஷிமுன். "யாருக்கு?"

"மாண்டாவுக்கு. நாளைக்குக் காலையில திறக்கிறேன், மாமா. உங்க மேல ஒரு பழியும் வராது. நீங்க வரணும்னுதான் நினைச்சீங்க, நான்தான் விடலன்னு கடவுள்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

தோப்புப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. உடம்பைக் குறுக்கினால் ஓர் ஆள் வெளியே வரலாம். ஷிமுன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை வெளியே விட்டார். வெளியில் கம்போடு நின்றவர்கள் கம்பை ஓங்கவில்லை, அசையக்கூட இல்லை. பாதம் வெளிச்சுவரின் கல்லில் பட்டது. அந்தக் குளிர்ச்சியில் உள்ளங்கால் பழைய பிரம்படிகளை நினைத்துக்கொண்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாண்டாவுக்கும் தெரிந்திருந்தது. மூன்று மாதமாகத் தெரிந்த விஷயம்தானே. அவளும் முன்வரிசைக்காரர்களுக்கு வழிவிட்டு நின்றவள்தான். மாமாவைக் கூப்பிடு என்று அவள் யாரையும் கெஞ்சவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினார்கள். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து, தோப்பைத் தாண்டிக் கேட்கும்படி, தன் பாவங்களைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, கேக்குதா? நான் போன பாஸ்குத் திருநாளுக்கு அப்புறம் செஞ்சதைச் சொல்றேன். என் நாத்தனார் வீட்டு உப்பை…"

ஷிமுன் ஜன்னலுக்கு ஓடி வந்தார். அவளைப் பார்க்க முடிந்தது. வெள்ளையாக, கையளவு முகம். அவர் கையை உயர்த்தினார். காது கேட்டு, புரிந்து, மன்னித்தால் போதும்; அதற்குத் தொடவேண்டியதில்லை, நடக்க வேண்டியதில்லை. ஸ்தியெபான் இதை நினைத்திருக்கவில்லை. பிறகு தோப்பில் நின்றவர்களைப் பார்த்து, முழங்கால் போடுங்கள், மாதா பிரார்த்தனை சொல்லுவோம் என்றான்.

அவனே எடுத்துக் கொடுத்தான். மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாக அவன் கத்த, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று எழுபது எண்பது பேர் கத்தினார்கள். சுல்தானின் நாட்டில் இவ்வளவு சத்தமாக அவர்கள் ஒருநாளும் ஜெபம் சொன்னதில்லை. முதலில் கடமைக்குத் தொடங்கியவர்கள் போகப்போக உண்மையாகவே உருகிப்போனார்கள், சிலர் கண்ணீர்விட்டார்கள், பெண்கள் கைகளை விரித்தார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே மாண்டாவின் வாய் திறந்து மூடுவது ஷிமுனுக்குத் தெரிந்தது. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே மூச்சு வாங்கும் நேரத்தில் மட்டும், தங்கச்சி என்று ஒரு வார்த்தையும், பொய் என்று ஒரு வார்த்தையும், பிறகு மாமா என்றும் கேட்டது. யூரே அந்த ஜெபத்தில் சேரவில்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். சேர்ந்தான், மெதுவாக.

ஷிமுன் தூக்கிய கையால் சிலுவை வரைந்து, மன்னிப்பின் வார்த்தைகளை முழுவதுமாகச் சொன்னார். கேட்காத பாவத்தை மன்னிக்க முடியுமா என்று அவருக்குத் தெரியாது. மூன்றுமுறை சொன்னார். நான்காம்முறை சொல்லும்போது ஜன்னலில் அந்த முகம் இல்லை. தோப்பில் பிரார்த்தனையைப் பாதியில் நிறுத்த யாருக்கும் மனம் வராததால், கடைசிவரை சொல்லிமுடித்து, ஆமென் சொல்லி, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் அளவுக்காரர் வந்தார். இப்ராஹிம் என்று பெயர், ஒல்லியான மனிதர், ஜலதோஷம் பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைச் சிந்திக்கொண்டார். பத்திரத்தைப் படித்துக்காட்டினார். தன் பையிலிருந்து முத்திரை போட்ட அளவுக்கயிற்றை எடுத்து, ஒரு முனையைப் பீடத்தருகே ஷிமுனிடம் கொடுத்தார். மறுமுனையைப் பிடிக்க யாராவது வாருங்கள் என்றார். வாசலுக்கு அருகில் நின்றது யூரே. அவன் வந்து வாங்கிக்கொண்டான்.

கயிறு விறைத்து நின்றது. அளவுக்காரர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, கதவோரத்தில் முடிச்சைப் பார்த்தார். சரியாக இருபது முழம். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஷிமுனின் உள்ளங்கால்களுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. எட்டு வருஷமாக இறுகிக்கிடந்த பாதங்கள் இரண்டும் தளர்ந்து, முழுசாகத் தரையில் பதிந்தன. அவ்வளவு சுகமாக அவர் நின்று வெகுகாலமாயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு சாண் எப்படிக் குறைந்தது என்பது அவர் தலைக்கு ஏறியது. அவர் தூக்கிய கை தோப்பைத் தாண்டிப் போகவில்லை. மாண்டா கேட்பாரற்றுப் போயிருந்தாள். அதற்குச் சாட்சியாகக் கயிறு அவர் கையில் நேராக நின்றது. அவர் கயிற்றை விட்டுவிட முயன்றார். விரல்கள் உடனே திறக்கவில்லை.

அளவுக்காரர் திருப்தியாக எழுதிக்கொண்டார். கூரை மோசமாக இருக்கிறது, இந்தக் குளிர்காலத்துக்குள் வேய்ந்துகொள்ளலாம் என்று அனுமதியும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தவர், கல்லறைத் தோட்டத்தில் இருவர் குழி வெட்டுவதைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார்.

"பிரசவத்துல போன பொண்ணு" என்றான் ஸ்தியெபான்.

அளவுக்காரர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தி, "அல்லாஹ் அவளுக்கு இரக்கம் காட்டட்டும்" என்றார். அன்று அந்தப் பள்ளத்தாக்கில் அவளுக்காக இரக்கம் கேட்டவர் அவர் ஒருவர்தான். குதிரையில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் ஊர் விருந்து வைத்தது. ஆறு ஆடு அறுத்தார்கள். காற்று படாத இடம் என்று கோயிலின் பின்சுவரை ஒட்டி நீளமாக மேஜைகளைப் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஷிமுன் கோயிலுக்குள் இருந்தார். யூரே துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஜன்னல்ல உங்க கை தெரிஞ்சது, மாமா" என்றான். "அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"முழுசாவா?"

"முழுசா."

யூரே குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். பீடத்திலிருந்து கதவுவரை, காலையில் கயிறு கிடந்த வழியை, மெதுவாக ஒருமுறை பார்த்தான்.

"அப்ப சரி, மாமா" என்றான். "இவளுக்கு ஞானஸ்நானம் கொடுங்க. அவ பேரையே வைங்க."

அவனுக்குப் பின்னால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்களும் வந்து நின்றார்கள்; வசந்தத்திலிருந்து காத்திருந்த எட்டுக் குழந்தைகள். கதவருகே ஸ்தியெபான் எலும்பை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அடுத்து எப்ப அளப்பாங்கன்னு கேட்டுட்டேன், ஏழு வருஷம் ஆகுமாம்" என்றான். "கொடுங்க மாமா, தாராளமாக் கொடுங்க."

ஷிமுன் தண்ணீரைக் கையில் அள்ளினார். மாண்டா என்று பெயர் சொல்லி ஊற்றினார். குழந்தை வீறிட்டது. வெளியே, முதுகுக்குப் பின்னால் சுவர் நகர்ந்து தள்ளவும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே தட்டுகளை ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.